நகம் வெளுத்தால் ஓட்டம்

ஒமாஹா, நெப்ராஸ்கா
1981 ஜூலை 27

திரு. வெர்லான் கீட்ரி அவர்களுக்கு,

'அவர்கள்' போட்டிருப்பதைக் கவனித்திருப்பாய். அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரிப் பையன்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது மெம்ஃபிஸ் அணி மூன்றாவது சுற்றிலேயே பொறுக்கி எடுத்த ஆளுக்கு மரியாதை வேண்டாமா. என்னைப் பன்னிரண்டு சுற்றிலும் ஒருத்தரும் கூப்பிடவில்லை. கடைசியில் ஒமாஹாக்காரர்கள்தான், வந்து ஆடிக் காட்டு, பிடித்தால் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். வந்துவிட்டேன்.

இது நானாக விரும்பி எழுதும் கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மா போனில் சொன்னாள்: "வெர்லானோட அம்மாவ சர்ச்சுல பாத்தேன்டா. பயலுக ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையாமேன்னு கண்ணு கலங்குறா. ஒரு வரி எழுதிப் போடு." எனக்கு ஒரு வரியில் நிறுத்த வராது என்பது உனக்குத் தெரியும்.

ஏப்ரலில் உன் வீட்டு விருந்துக்கு செயின்ட் ஒடீல் ஊரே வந்திருந்தது. கரும்பு லாரி ஓட்டுகிறவர்கள்கூட லாரியோடு வந்து நின்றார்கள். அப்போது பத்திரிகைக்காரன் உன்னிடம் என்னைப் பற்றிக் கேட்டான். நீ கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "அல்சீட் நல்லா ஆடுவான். ஆனா சின்ன ஆளு. பெரிய ஆட்டத்துக்குப் பத்தாது" என்றாய். மறுநாள் அது அப்படியே அச்சாகி வந்தது. முடிவெட்டுகிற ஆல்ஃபோன்ஸ் அதைக் கத்தரித்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்துவிட்டான். முடிவெட்டி முடிக்கிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பது வருஷம் நாம் எதிரெதிரே நின்றோம். பள்ளியிலும் சரி, கல்லூரியிலும் சரி, தினமும் பயிற்சியில் உன் வேலை பந்து எறிபவனைக் காப்பது, என் வேலை அவனைத் தரையில் போடுவது. பத்து முறையில் ஏழு முறை நான் போட்டேன். இதைப் பத்திரிகைக்காரனிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

இங்கே தொண்ணூற்று மூன்று பேர் இருக்கிறோம். ஆகஸ்ட் முடியும்போது நாற்பத்தைந்து பேர்தான் மிஞ்சுவார்கள். புதுப் பையன்களுக்குத் தலைக்கவசத்தின் நெற்றியில் வெள்ளை ஒட்டுப்பட்டை ஒட்டி அதில் மையால் பெயர் எழுதியிருக்கிறார்கள். வேண்டாம் என்றால் கிழிக்கச் சுலபம். காலையில் ஒரு ஆள் அறைக் கதவைத் தட்டி, "கோச் கூப்பிடுறாரு, ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்க" என்பான். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பஸ் ஏற வேண்டியதுதான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. இதுவரை இருபது கதவு தட்டியிருக்கிறான். என் கதவுக்கு வரமாட்டான்.

நவம்பர் எட்டாம் தேதி உங்கள் அணி ஆட இங்கே வருகிறது. அட்டவணையைப் பார்த்துக்கொள்.

சின்ன ஆள்,
அல்சீட் ப்ரூசார்ட்

*

மெம்ஃபிஸ், டென்னசி
1981 ஆகஸ்ட் 18

அடே அல்சீட்,

உன் கடிதம் வந்தது. முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது. இரண்டாவது தடவை கோழிக்கால் என்ற இடத்தில் பசி வந்துவிட்டது. இங்கே தினமும் பன்றி விலா எலும்பைப் புகையில் வாட்டிக் கொடுக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒருத்தனுக்கும் சோற்றுக்குக் குழம்பு வைக்கத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நீ சின்ன ஆள்தான். ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. அன்றைக்கு நான் சொன்னது உண்மை என்பதால் அது உனக்கு உறைத்தது. பொய் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாய்.

எனக்கும் எழுத ஒரு காரியம் இருக்கிறது. ஒரு வாரமாக எப்படிக் கேட்பது என்று யோசித்து, இப்போது கேட்டுவிடுகிறேன்.

என்னை யாரோ படிக்கிறார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் என்றால் நான் முன்னால் பாய்ந்து மோத வேண்டும். எறிகிற ஆட்டம் என்றால் பின்னால் உட்கார்ந்து எறிபவனின் முதுகைக் காக்க வேண்டும். எது வரப்போகிறது என்று எதிராளிக்குத் தெரியாதவரை நான் ராஜா. போன இரண்டு பயிற்சி ஆட்டத்திலும் எதிரே நின்றவனுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. நான் அசைவதற்குள் அவன் அசைந்துவிட்டான். ஒருத்தன் என்னைத் தாண்டிப் போகும்போது, "தேங்க்ஸ், தம்பி" என்று வேறு சொன்னான்.

கோச் படம் போட்டுப் பார்த்தார். மைதானத்தின் உச்சியிலிருந்து எடுத்த படம், எங்களைப் பார்த்தால் எறும்பு மாதிரி இருக்கிறது. "நீ என்னவோ காட்டிக் குடுக்குற. என்னன்னு எனக்குத் தெரியல. கண்டுபிடி" என்கிறார்.

ஒன்பது வருஷம் நீதான் என் எதிரே, ஒரு கை தூரத்தில் நின்றாய். நான் என்ன செய்கிறேன் அல்சீட். கண்ணா, காலா, மூச்சா. நம் சண்டை நம் சண்டையாகவே இருக்கட்டும். இதை மட்டும் சொல்.

உன் அம்மாவிடம், என் அம்மா கலங்குவது வெங்காயத்தால் என்று சொல்.

வெர்லான்

*

ஒமாஹா
1981 செப்டம்பர் 2

வெர்லான்,

நாற்பத்தைந்தில் நான் ஒருவன்.

திங்கட்கிழமை காலை கத்தரி எங்கள் வராந்தாவில் நடந்து வந்தான். அவன் செருப்புச் சத்தம் எல்லாருக்கும் மனப்பாடம். எதிர் அறையில் தட்டினான். பக்கத்து அறையில் தட்டினான். என் கதவுக்கு முன்னால் நின்றான். என்னோடு தங்கியிருந்த ஆள், ஆறடி ஐந்து அங்குலம், ஓஹையோவிலிருந்து வந்தவன், கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பாவமாகப் பார்த்தான். கதவு தட்டப்பட்டது. நான் திறந்தேன். கத்தரி என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, "நீ இல்ல. அவன்" என்றான். அந்த ஓஹையோக்காரன் அழுதுகொண்டே பெட்டி கட்டினான். அவனுக்குக் காலுறை மடித்துக் கொடுத்தேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

எனக்கு முக்கிய இடம் எதுவும் தரவில்லை. பந்தை உதைத்துவிட்டு எதிராளியை நோக்கி நாற்பது கெஜம் ஓடிப் போய் மோதுகிற கூட்டத்தில் இருக்கிறேன். புத்தி உள்ளவன் செய்கிற வேலை இல்லை இது. ஆனால் கடைசி ஆட்டத்தில் மூன்று பேரை வீழ்த்தினேன். ஒருத்தன் எழுந்து, "எங்கருந்துடா வந்த, புல்லுக்குள்ள இருந்தா?" என்றான். தலைக்கவசத்தில் ஒட்டுப்பட்டையை எடுத்துவிட்டார்கள். உடை மாற்றும் அறையில் என் அலமாரிக்கு மேலே மட்டும் இன்னும் ஒட்டுப்பட்டைதான். பழைய ஆட்களுக்கெல்லாம் திருகாணி போட்ட பித்தளைத் தகடு. என் தகடும் வரும்.

அம்மா அழுதாள். ஆல்ஃபோன்ஸ் கண்ணாடியில் ஒட்டியதை இன்னும் எடுக்கவில்லையாம்.

நீ கேட்டது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீ எப்போதும்போலத்தான் இருப்பாய். கோச்சையே கேள்.

அல்சீட்

*

மெம்ஃபிஸ்
1981 அக்டோபர் 15

அல்சீட்,

நீ இடம் பிடித்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதினால் நம்பமாட்டாய்.

ஆல்ஃபோன்ஸ் கண்ணாடியைப் பற்றி நீ நாலு வரி எழுதுவாய். காலுறை மடித்ததைப் பற்றி எழுதுவாய். நான் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் ஒரு வரி, அதுவும் கோச்சைக் கேள் என்று. உனக்குப் பொய் சொல்ல வராது. எட்டாம் வகுப்பில் சிஸ்டர் பெர்த்தாவின் ஜன்னல் உடைந்தபோதும் இப்படித்தான் ஒரே வரியில் பேசினாய்.

உனக்குத் தெரியும். சொல்ல மனசில்லை. நவம்பர் எட்டாம் தேதி இருக்கிறது, அதனால் சொல்ல மனசில்லை. தப்பு என்று சொல்ல வரவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் இரண்டு நாள் யோசித்திருப்பேன். ஆறு வாரம் யோசித்திருக்கமாட்டேன்.

என்னை உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று ஆட்டமாகத் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் ஆட்டத்தன்று அம்மா ரேடியோ முன்னாலேயே இருந்திருக்கிறாள். அன்று மாலை கூப்பிட்டு, "உன் பேரு வரவே இல்லையேடா, நான் கடைசி வரைக்கும் கேட்டேன்" என்றாள். அங்கே சிக்னல் சரியாகக் கிடைத்திருக்காது என்றேன். அவள் அடுத்த வாரம் புது ஏரியல் வாங்கி மாட்டியிருக்கிறாள்.

இதற்குமேல் உன்னைக் கேட்கமாட்டேன். நானாகக் கண்டுபிடித்தால் ஆடுவேன். இல்லையென்றால் கரும்பு வெட்டு முடிவதற்குள் ஊருக்கு வந்துவிடுவேன், அங்கே ஆள் பற்றாக்குறை.

வெர்லான்

*

ஒமாஹா
1981 நவம்பர் 2, திங்கள்

வெர்லான்,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படிக்காதே. உட்கார்ந்து, உன் இடது கையைப் பார்.

ஒவ்வொரு தடவையும் பந்து அசையும் முன் நீ குனிந்து இடது கையைப் புல்லில் ஊன்றுவாய். ஓடுகிற ஆட்டம் என்றால் முன்னால் பாய வேண்டும் என்று உடம்புப் பாரம் முழுவதையும் அந்தக் கையில் இறக்கிவிடுவாய். விரல் நுனி புல்லில் புதைந்து நகம் அஞ்சும் வெளுத்துவிடும். எறிகிற ஆட்டம் என்றால் பாரம் இடுப்பில் இருக்கும், விரல் சும்மா புல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும், நகம் வெளுக்காது. நகம் வெளுத்தால் ஓட்டம். வெளுக்காவிட்டால் எறிதல். இவ்வளவுதான். உச்சியிலிருந்து எடுத்த படத்தில் நகம் எப்படித் தெரியும். வேறு யாரோ ஒரு கிழட்டு ஆட்டக்காரன் கண்ணில் பட்டு, அவன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

எட்டாம் வகுப்பு அக்டோபரிலேயே இதைப் பார்த்துவிட்டேன். ஒன்பது வருஷம் சொல்லவில்லை.

போன புதன்கிழமை எறிபவன்மேல் பாய்கிற எங்கள் லைன்பேக்கருக்குத் தோள் இறங்கிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில், முதல் நிமிஷத்திலிருந்து, நான் ஆடுகிறேன். கோச் என்னைக் கூப்பிட்டு, "மெம்ஃபிஸ்கிட்ட ஒழுங்கா ஆடினா இருப்ப. இல்லேன்னா செவ்வாக்கிழம உன் இடத்துக்கு வேற ஆளக் கூப்பிடுவேன்" என்றார். உன் இடத்தில் ஆடியவனுக்குக் கணுக்கால் போனது, நீ திரும்ப இறங்குகிறாய் என்று அதே நாள் பேப்பரில் வந்தது. படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா. அப்பாடா, எதிரே வெர்லான், நகம் இருக்கிறது, பிழைத்தேன் என்று தோன்றியது. சந்தோஷமாகச் சாப்பிட்டேன். பிறகு உன் அம்மாவும் ஏரியலும் ஞாபகத்துக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது பாதிக் கடிதம். பத்துக்கு ஏழு என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேனே, அந்த ஏழு என் வேகமா, உன் நகமா என்று எனக்கே தெரியாது. வேகம் என்றுதான் ஊர் நினைத்தது. நீயும் அப்படித்தான் நினைத்தாய். நகத்தைக் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிச்சம் இருக்கும். நீ பேப்பரில் சொன்ன சின்ன ஆள் மட்டும்தான். அன்றைக்கு நீ சொன்னதை நான் உள்ளுக்குள் எப்போதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் ஏழு மாசம் கோபம்.

தபால் பெட்டியில் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதனால் மூலைத் தபால் பெட்டிவரை ஓடியே போகப்போகிறேன்.

நகம் இல்லாமலும் உன்னைத் தரையில் போடுவேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

அல்சீட்

*

ஒமாஹா
1981 நவம்பர் 10, செவ்வாய்

ஏ திருட்டுப் பயலே,

ஆட்டம் முடிந்து கைகொடுக்கலாம் என்று உன்னைத் தேடினேன். அதற்குள் மோவாயில் தையல் போட என்னை உள்ளே இழுத்துப்போய்விட்டார்கள், உங்கள் பஸ் கிளம்பிவிட்டது. ஆகவே கடிதத்திலேயே திட்டுகிறேன்.

நான்தான் எழுதினேன். என் கையால், என் பேனாவால், நகத்தைப் பற்றி எழுதினேன். நீ அதை மாற்றிக்கொண்டிருப்பாய் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை குனிந்து நின்றதும் என் கண் தானாக உன் கைக்குப் போனது. ஒன்பது வருஷப் பழக்கம். நகம் வெளுத்திருந்தது. ஓட்டம் என்று நான் உள்ளே பாய்ந்தேன். நீ சாவகாசமாகப் பின்னால் உட்கார்ந்தாய். உங்கள் ஆள் ஐம்பது கெஜம் எறிந்துவிட்டான்.

அடுத்தது இன்னும் கேவலம். வெளுத்திருந்தால் எறிதல் போலிருக்கிறது என்று தலைகீழாகக் கணக்குப் போட்டேன். நீ நிஜமாகவே பாய்ந்து வந்து என் மார்பில் மோதினாய். மல்லாந்து கிடந்தேன். நீ குனிந்து, "எந்திரிடா, அம்மா ரேடியோல கேட்டுட்டு இருக்கா" என்றாய். இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஓரத்துக்கு வந்ததும் கோச் என் தலைக்கவசத்தின் முகக்கம்பியைப் பிடித்தார்.

"என்னத்தடா பாத்துக்கிட்டு நிக்கிற?"

"நகம், கோச்."

"என்னது?"

"அவன் நகம்."

"ஆட்டம் முடிஞ்சதும் அவனுக்கு நகம் வெட்டிவிடு. இப்ப பந்தப் பாரு."

அதற்குப் பிறகு பந்தைத்தான் பார்த்தேன். மூன்றாவது கால் பகுதி முழுவதும் உன்னை ஒரு அடிகூடத் தாண்ட முடியவில்லை. நீ நன்றாக ஆடினாய் வெர்லான். எனக்கு மூச்சு வாங்கியது, வாயில் ரத்தம், மனசுக்குள் செவ்வாய்க்கிழமை. கடைசிக் கால் பகுதியில், நாங்கள் மூன்று புள்ளி பின்னால் இருந்தபோது, நீ கையை ஊன்றவே இல்லை. நின்றபடி முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு காத்திருந்தாய். பார்க்க எதுவும் இல்லை. பந்து அசைந்தது, நான் போனேன். உன் உள்பக்கமாகப் போனேன் என்று படம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எறிபவன் முதுகில் இடித்தபோது பந்து கீழே விழுந்த சத்தம் கேட்டது. எங்கள் ஆள் அதை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடினான், ஜெயித்தோம்.

இன்று காலை மைதானத்துக்குச் சீக்கிரமே போனேன். வாசலில் கத்தரி காகிதத்தோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான். "காப்பி சூடா இருக்கு, குடிச்சிட்டுப் போ" என்றான். உள்ளே போனால் என் அலமாரிக்கு மேலே ஒட்டுப்பட்டை இல்லை. கிழித்துவிட்டார்கள். பெட்டி கட்டலாம் என்று அலமாரியைத் திறந்தேன். பிறகுதான் தகட்டைப் பார்த்தேன். நாலு திருகாணி. விரலால் ஒவ்வொன்றையும் திருகிப் பார்த்தேன், அசையவில்லை.

உன் இடம் பத்திரமா. அதை முதலில் எழுது.

அல்சீட்

*

மெம்ஃபிஸ்
1981 நவம்பர் 14

அல்சீட்,

என் இடம் பத்திரம். கோச் படம் போட்டார். அன்றைக்குப் பந்து அசைந்த அறுபத்தொரு தடவையில் அறுபது தடவை உன்னை நிறுத்தியிருக்கிறேன். "அந்த ஒண்ண விடு, அத யாரும் நிறுத்தியிருக்க முடியாது" என்றார். இனி வருஷ முடிவுவரை நான்தான் ஆடுகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்றிலிருந்து மூன்று நாள் சமையலறைத் தரையில் கையை ஊன்றி ஊன்றிப் பார்த்தேன். வாடகை வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "எதயாவது தொலச்சிட்டியாப்பா?" என்றாள். ஆமாம், ஒன்பது வருஷம் என்றேன். கோபம் இருந்தது. நீ நிறையச் சிரித்திருக்கிறாய் என் செலவில். ஆனால் அந்த வாரம், அந்த ஆட்டத்துக்கு முன்னால், அதை எழுதி அனுப்பினாய். ஒமாஹாவில் உன் பிழைப்பே அதில்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த யாரும் இதைச் செய்திருக்கமாட்டார்கள், நான் உட்பட. அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை வெங்காயம் இல்லை.

இப்போது என் முறை.

எறிபவனை நோக்கி வரும்போது நீ என் வெளிப்பக்கமாகவும் வருவாய், உள்பக்கமாகவும் வருவாய். வெளிப்பக்கம் என்றால் உன் வாய் மூடியிருக்கும். உள்பக்கம் என்றால் வாயில் கடித்திருக்கும் ரப்பர் பல்காப்பை நாக்கால் பாதி வெளியே தள்ளிவிடுவாய். ஒவ்வொரு தடவையும். பத்தாம் வகுப்பில் கண்டுபிடித்தேன். நானும் சொல்லவில்லை. திருட்டுப் பயல் என்று எழுதியிருந்தாயே, சரிதான்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள். என் நகம் உனக்கு ஓட்டமா எறிதலா என்று சொன்னது. உன் பல்காப்பு எனக்கு நீ எந்தப் பக்கம் என்று சொன்னது. உனக்குத் தெரிந்ததைவிட எனக்குத் தெரிந்ததுதான் பெரிது. நீ வரும் வழியில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டேன், ஏழு வருஷமாக. அப்படியும் பத்துக்கு ஏழு. பேப்பர்காரன் கேட்டபோது உன்னைச் சின்ன ஆள் என்று சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறதா. எந்தப் பக்கம் வருகிறாய் என்று தெரிந்தும் உன்னை நிறுத்த முடியாத ஆளைத்தான் மூன்றாவது சுற்றில் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு. அதை ஊரிடம் சொல்ல முடியுமா. உன் உயரத்தைச் சொன்னேன்.

ஆல்ஃபோன்ஸிடம் பேசினேன். கண்ணாடியில் இருந்ததை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒட்ட ஏதாவது எழுதி அனுப்பச் சொன்னான். அதனால் கீழே உள்ளதைத் தெளிவான கையெழுத்தில் எழுதுகிறேன், நீ கத்தரித்து அனுப்பிவிடு.

ஞாயிற்றுக்கிழமை, கடைசிக் கால் பகுதி. நான் கையை ஊன்றவில்லை. எதிரே அல்சீட் ப்ரூசார்ட் நின்றான். பல்காப்பு பாதி வெளியே இருந்தது. உள்பக்கமாக வருகிறான் என்று தெரிந்துகொண்டேன். உள்பக்கம் நகர்ந்து, காலை ஊன்றி, இரண்டு கையையும் விரித்து, அவன் வரும் இடத்தில் அவனுக்கு முன்னாலேயே நின்றேன்.

அப்படியும் அவன் போய்விட்டான்.

வெர்லான் கீட்ரி